மிதித்தவுடன் கிளம்பாத கார்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: 2016-இல் வாங்கிய என் பெட்ரோல் ஹேட்ச்பேக் கார் இதுவரை 85,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. சில மாதங்களாக, சிக்னலில் நின்று கிளம்பும்போது ஆக்சிலரேட்டரை மிதித்தால் வண்டி ஒரு நொடி தயங்கி, பிறகு சட்டென்று எகிறுகிறது. நான்கு வழிச் சாலையில் வேகம் பிடித்துவிட்டால் ஒரு குறையும் தெரிவதில்லை. நிற்கும்போது ஆர்பிஎம் ஏறி இறங்குகிறது. செக் என்ஜின் விளக்கு எரியவில்லை. மெக்கானிக் ஸ்பார்க் பிளக்குகளையும் ஏர் ஃபில்டரையும் மாற்றியும் பலனில்லை. இப்போது ஃப்யூவல் பம்ப்பை மாற்றச் சொல்கிறார். மாற்றலாமா?
— வாசகர், மதுரை

பதில்: இப்போதைக்கு மாற்ற வேண்டாம். பம்ப் தளர்ந்திருந்தால், என்ஜின் அதிக பெட்ரோல் கேட்கும் நேரத்தில்தான், அதாவது ஏற்றத்திலும் ஓவர்டேக் செய்யும்போதும்தான், வண்டி இழுக்காமல் முக்கும். உங்கள் வண்டியோ வேகம் பிடித்த பிறகு நன்றாக ஓடுகிறது. பெடலை முதன்முதலாகத் தொடும் கணத்தில் மட்டுமே தயங்குகிறது. அப்படிப்பட்ட தயக்கத்துக்கு நான் முதலில் சந்தேகப்படுவது, என்ஜினுக்குள் போகும் காற்றின் அளவைக் கட்டுப்படுத்தும் த்ராட்டில் பாடியைத்தான்.

இன்றைய கார்களில் பெடலுக்கும் என்ஜினுக்கும் இடையே கேபிள் கிடையாது. பெடலில் உள்ள சென்சார் நீங்கள் எவ்வளவு மிதித்தீர்கள் என்பதை என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான இசியூ-வுக்குத் தெரிவிக்க, இசியூ ஒரு சிறு மோட்டாரை இயக்கி, த்ராட்டில் பாடிக்குள் உள்ள வட்டத் தகட்டைத் திறக்கிறது. என்ஜினிலிருந்து வெளியேறி மீண்டும் உள்ளிழுக்கப்படும் எண்ணெய் ஆவி, அந்தத் தகட்டின் விளிம்பிலும் அதைச் சுற்றியுள்ள சுவரிலும் ஆண்டுக்கணக்கில் கரியாகப் படிகிறது. ஐடிலிங்கில், அதாவது வண்டி நிற்க என்ஜின் மட்டும் ஓடும்போது, தகட்டின் ஓரத்தில் இருக்கும் இடைவெளி மிக மெல்லியது என்பதால், சிறிதளவு கரி படிந்தாலும் காற்றோட்டம் கணிசமாகக் குறைந்துவிடும். தகடு அகலத் திறந்த பிறகு அந்தக் கரி ஒரு பொருட்டே அல்ல. உங்கள் வண்டி நான்கு வழிச் சாலையில் சீராக ஓடுவதும் சிக்னலில் தடுமாறுவதும் இதனால்தான் என்று நினைக்கிறேன்.

இதை நீங்களே பார்த்துவிடலாம். என்ஜின் ஆறிய பிறகு, சாவியை எடுத்துவிட்டு, ஏர் ஃபில்டர் பெட்டியிலிருந்து வரும் ரப்பர் குழாயின் கிளாம்ப்பைத் தளர்த்திக் கழற்றி, டார்ச் அடித்துப் பாருங்கள். பித்தளை நிறத்திலோ வெள்ளி நிறத்திலோ இருக்க வேண்டிய தகட்டின் ஓரத்தில், விரலில் பிசுபிசுவென்று ஒட்டும் கறுப்பு வளையம் தெரிந்தால் சந்தேகம் உறுதியாகிவிடும்.

சுத்தம் செய்யும்போது அவசரம் கூடாது. சாவி ஆன் நிலையில் இருக்கையில் தகட்டை விரலால் தள்ளக் கூடாது. மோட்டாரின் பற்சக்கரங்கள் பழுதாகலாம், விரலும் நசுங்கலாம். த்ராட்டில் பாடிக்கென்றே விற்கும் ஸ்பிரேயைப் பஞ்சு இல்லாத துணியில் அடித்து, அந்தத் துணியால் துடைத்தெடுக்க வேண்டும். கம்பி பிரஷ், உப்புத் தாள் எதுவும் வேண்டாம், ஏனெனில் சில கார்களில் உட்சுவரின் மேல் மெல்லிய பூச்சு இருக்கிறது.

சுத்தம் செய்த பிறகு ஐடிலிங் முன்பைவிட ஏறிவிட்டது என்று பலர் பயந்துபோய் வண்டியைத் திரும்பக் கொண்டுவருவார்கள். இத்தனை நாளும் கரியை ஈடுகட்ட இசியூ தகட்டைச் சற்று அதிகமாகத் திறந்து பழகியிருந்தது. கரி போன பின்னும் அதே பழக்கத்தில் திறப்பதால்தான் அப்படி நிகழ்கிறது. சில வண்டிகள் ஓட ஓடத் தாமாகவே சரியாகும். மற்றவற்றில் இசியூ-வோடு இணைக்கும் ஸ்கேனர் கருவி மூலம் த்ராட்டில் அடாப்டேஷன், அதாவது தகட்டின் புதிய நிலையை இசியூ-வுக்குக் கற்றுத்தருவது, செய்தாக வேண்டும். இந்த வேலையையும் சேர்த்துச் செய்து தருவாரா என்று மெக்கானிக்கிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

தகடு சுத்தமாகவே இருந்தால், ஸ்கேனரில் சென்சார்களின் அளவுகளை உடனுக்குடன் காட்டும் லைவ் டேட்டா பக்கத்துக்குச் செல்லுங்கள். செக் என்ஜின் விளக்கு எரியவில்லை என்பதால் ஸ்கேன் தேவையில்லை என்று நினைப்பது தவறு. விளக்கு எரியும் அளவுக்கு முற்றாத கோளாறுகளையும் அங்குள்ள எண்கள் காட்டிக்கொடுக்கும். என்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் ஆன் செய்து, பெடலை மெதுவாக முழுவதும் மிதித்து, பிறகு மெதுவாக விடுவியுங்கள். பெடல் சென்சாரில், பெடலின் நிலையைத் தனித்தனியாக அளக்கும் இரண்டு தடங்கள் உண்டு. பல கார்களில் ஒன்றின் வோல்டேஜ் மற்றதில் பாதியாக இருக்கும். இரண்டும் சீராக ஏறி இறங்க வேண்டும். நடுவில் ஓரிடத்தில் எண் குதித்தால் சென்சார் தேய்ந்திருக்கிறது. அதற்கும் முன்பாக, பெடலுக்குக் கீழே ஒன்றன்மேல் ஒன்றாக மிதியடி (ஃப்ளோர் மேட்) போட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள். பெடல் முழுமையாக இறங்குவதை அது தடுக்கும். சில நேரம் இறங்கிய பெடல் மேலே வராமலும் செய்துவிடும், அது உயிருக்கே ஆபத்து.

இவை எல்லாம் சரியாக இருந்து, தயக்கமும் நீடித்தால்தான் பெட்ரோல் அழுத்தத்தை கேஜ் வைத்து அளக்க வேண்டும். சிலிண்டருக்கு முன்னால் உள்ள காற்றுப் பாதையில் பெட்ரோலைத் தெளிக்கும் பெரும்பாலான போர்ட் இன்ஜெக்‌ஷன் கார்களில் அது 3 முதல் 4 பார் வரை இருக்கும். உங்கள் மாடலுக்கான சரியான அளவு சர்வீஸ் மேனுவலில் கிடைக்கும். அளந்து காட்டாமல் பம்ப்பை மாற்றச் சொன்னால் சம்மதிக்காதீர்கள்.

கேள்வி: என் காரில் கோத்தகிரி ஏற்றத்தில் மிதித்தால் சத்தம் கூடுகிறது, வண்டி நகர மறுக்கிறது. த்ராட்டில் கன்ட்ரோலர் என்ற சிறு பெட்டியைப் பொருத்தினால் பிக்கப் கூடும் என்கிறார்கள். வாங்கலாமா?
— வாசகர், கோயம்புத்தூர்

பதில்: அந்தப் பெட்டி, பெடலை நீங்கள் 20 சதவீதம் மிதித்தால் 40 சதவீதம் மிதித்ததாக இசியூ-வுக்குச் சொல்லும், அவ்வளவுதான். என்ஜினின் சக்தி இம்மியளவும் கூடாது.

சத்தத்தோடு ஆர்பிஎம் முள்ளும் ஏறுகிறதா என்று கவனியுங்கள். சமதளச் சாலையில், போக்குவரத்து இல்லாத இடத்தில், நான்காவது கியரில் 40 கிலோமீட்டர் வேகத்தில் முழுவதுமாக மிதியுங்கள். முள் துள்ளி ஏறியும் வேகம் ஏறாவிட்டால் தேய்ந்திருப்பது கிளட்ச். த்ராட்டிலுக்கு இதில் பங்கில்லை. முள் ஏறாமல் என்ஜின் முக்கினால் பெட்ரோல் அழுத்தத்தையும் சைலன்சர் பாதையில் அடைப்பு இருக்கிறதா என்பதையும் சோதிக்கச் சொல்லுங்கள். டர்போ இல்லாத பெட்ரோல் காராக இருந்தால், ஊட்டி உயரத்தில் காற்றின் அடர்த்தி குறைவதால் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு சக்தி இயல்பாகவே குறையும். அந்த அளவுக்கு எந்த மெக்கானிக்கையும் தேடிப் போக வேண்டியதில்லை, ஒரு கியர் குறைத்து ஓட்டினால் போதும்.