புகார் சொன்னவருக்கு இடமாற்றம்: விசில்ப்ளோயர் பாலிசியை எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: சுமார் இருநூறு பேர் வேலை செய்யும் தனியார் உற்பத்தி நிறுவனம் ஒன்றில் எச்.ஆர். மேலாளராக இருக்கிறேன். சரக்கு வந்து சேராமலேயே சில சப்ளையர்களின் இன்வாய்ஸுக்குப் பணம் போகிறது என்று ஸ்டோரில் வேலை செய்யும் பெண் ஒருவர் என்னிடம் தனியாக வந்து சொன்னார். தன் பெயர் வெளியே வரக் கூடாது என்றும் கேட்டுக்கொண்டார். நான் விஷயத்தை மட்டும் நிர்வாக இயக்குநரிடம் வாய்மொழியாகச் சொன்னேன். "இதை யார் சொன்னது?" என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. நான் சொல்லவில்லை. பர்சேஸ் மேனேஜர் எப்படியோ ஊகித்துவிட்டார். அடுத்த மாதமே அந்தப் பெண்ணை வேறு யூனிட்டுக்கு மாற்றி ஆர்டர் வந்துவிட்டது. காரணம் "நிர்வாகத் தேவை" என்று மட்டும் போட்டிருக்கிறது. இப்போது இயக்குநர் என்னையே ஒரு விசில்ப்ளோயர் பாலிசி, அதாவது முறைகேட்டைப் பற்றிப் புகார் சொல்பவர்களுக்கான விதிமுறை, எழுதித் தரச் சொல்கிறார். எல்லாப் புகாரும் தன்னிடம்தான் வர வேண்டும், பெயரில்லாப் புகாரை ஏற்கக் கூடாது, புகார் நிரூபணமாகாவிட்டால் ஒழுங்கு நடவடிக்கை என்று மூன்று நிபந்தனைகள் போட்டிருக்கிறார். இப்படி எழுதலாமா? அந்தப் பெண்ணை எப்படிப் பாதுகாப்பது? பெயரைச் சொல்ல மறுத்ததால் எனக்குச் சிக்கல் வருமா?

பதில்: பாலிசியை அப்புறம் எழுதலாம். முதலில் அந்த இடமாற்றத்தை நிறுத்தி வைக்கப் பாருங்கள். நீங்கள் எவ்வளவு நல்ல பாலிசி எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டினாலும், ஊழியர்கள் அந்தப் பெண்ணுக்கு என்ன நடந்தது என்பதைப் பார்த்துத்தான் அதை நம்புவதா வேண்டாமா என்று முடிவு செய்வார்கள்.

நீங்கள் எந்த நாட்டில் இருக்கிறீர்கள் என்று எழுதவில்லை. சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். ஆனால் பழிவாங்கல் என்றால் என்ன என்பதில் பெரிய வேறுபாடு இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2019-ஆம் ஆண்டு விசில்ப்ளோயர் பாதுகாப்பு நெறிமுறை அதை நீளமாகவே பட்டியலிடுகிறது: வேலைநீக்கம், பதவி இறக்கம், பணியிட மாற்றம், வேலை நேர மாற்றம், பதவி உயர்வை நிறுத்துவது, மோசமான அப்ரைசல், ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல் விடுவது, வேறெங்கும் வேலை கிடைக்காதபடி செய்வது. இன்னொன்றையும் அது சொல்கிறது. புகார் கொடுத்ததையும் தனக்குப் பாதகம் நேர்ந்ததையும் ஊழியர் காட்டிவிட்டால் போதும். அந்த நடவடிக்கை புகாருக்காக எடுக்கப்பட்டதில்லை என்று நிரூபிக்கும் சுமை நிறுவனத்தின் மேல் விழுந்துவிடும்.

இயக்குநரிடம் பேசும்போது இதையே எடுத்து வையுங்கள். புகாருக்கு முன்பே இந்த இடமாற்றம் பற்றிப் பேசியதற்குத் தேதியிட்ட காகிதம் இருந்தால் நிறுவனம் தப்பிக்கலாம். அது இல்லாமல், புகார் வந்த அடுத்த மாதம் "நிர்வாகத் தேவை" என்று மட்டும் போட்ட உத்தரவை எந்த வழக்கறிஞராலும் நிம்மதியாக ஆதரித்து வாதாட முடியாது.

ஆனால் இங்கே ஒரு பொறி இருக்கிறது. "புகார் கொடுத்திருப்பதால் இந்த ஊழியரின் இடமாற்றத்தை நிறுத்துங்கள்" என்று நீங்கள் எழுதிக் கொடுத்தால், இதுவரை ஊகமாக இருந்ததை நீங்களே உறுதிப்படுத்தியதாகிவிடும். அதனால் ஆளைக் குறிக்காமல் கேளுங்கள். ஸ்டோர், பர்சேஸ், அக்கவுண்ட்ஸ், செக்யூரிட்டி ஆகிய நான்கு பிரிவுகளிலும் விசாரணை முடியும்வரை இடமாற்றம், ஷிப்ட் மாற்றம், மெமோ எதுவும் வேண்டாம், ஏற்கெனவே போட்ட உத்தரவுகளையும் நிறுத்தி வைக்க வேண்டும் என்று எழுதுங்கள். அந்தப் பிரிவுகளின் ஊழியர்களைப் பற்றிய எந்த முடிவிலும் பர்சேஸ் மேனேஜர் கையெழுத்துப் போடக் கூடாது என்பதையும் சேருங்கள். சாட்சிகளையும் ஆவணங்களையும் இருந்த இடத்திலேயே வைத்திருக்க இது சாதாரணமாகக் கேட்கக் கூடியதுதான். யார் பெயரும் வெளியே வராது.

அதே நாளில் ஆவணங்களையும் பத்திரப்படுத்தச் சொல்லுங்கள். பர்ச்சேஸ் ஆர்டர், சரக்கு பெற்றதற்கான ரசீது, கேட் ரிஜிஸ்டர், எடைச் சீட்டு, பணம் போன வங்கிப் பதிவு, மின்னஞ்சல் பேக்கப். வராத சரக்குக்குப் பணம் போயிருந்தால், இவை ஒன்றோடொன்று ஒத்துப்போகாது. சோதனையை அந்தப் பெண் குறிப்பிட்ட சப்ளையர்களோடு நிறுத்திவிடாதீர்கள். இரண்டு ஆண்டு இன்வாய்ஸ்களை எல்லா சப்ளையர்களிடமிருந்தும் எடுத்துப் பாருங்கள். குறிப்பிட்ட நான்கு இன்வாய்ஸை மட்டும் எடுத்தால், அந்த நான்கும் யார் கண்ணில் பட்டிருக்க முடியும் என்று கணக்குப் போட்டு ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள். இருநூறு பேர் உள்ள இடத்தில் பெயரை மறைத்தால் மட்டும் போதாது, புகாரின் உள்ளடக்கமே ஆளைக் காட்டிக்கொடுக்கும். இரகசியம் காப்பது பற்றி எழுதும் பலரும் கோட்டைவிடுவது இந்த இடத்தில்தான்.

இனி அந்த மூன்று நிபந்தனைகள்.

எல்லாப் புகாரும் இயக்குநரிடமே வர வேண்டும் என்பதை ஒப்புக்கொள்ளாதீர்கள். நாளை புகார் அவர் மீதோ, அவருக்கு வேண்டியவர் மீதோ இருந்தால் ஊழியர் எங்கே போவார்? இந்தியாவில் 2013-ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின் 177-ஆம் பிரிவு இதை முன்கூட்டியே யோசித்திருக்கிறது. பட்டியலிடப்பட்ட நிறுவனங்கள், பொதுமக்களிடம் டெபாசிட் பெறும் நிறுவனங்கள், வங்கிகளிடமும் பொது நிதி நிறுவனங்களிடமும் 50 கோடி ரூபாய்க்கு மேல் கடன் வாங்கிய நிறுவனங்கள் ஆகியவற்றுக்கு இத்தகைய ஏற்பாடு கட்டாயம். தேவையான நேரத்தில் ஊழியர் நேராகத் தணிக்கைக் குழுவின் (கணக்குகளைக் கண்காணிக்கும் இயக்குநர்களின் குழு) தலைவரையே அணுக வழி இருக்க வேண்டும். தணிக்கைக் குழு இல்லாத நிறுவனம் என்றால் இயக்குநர் குழு அதற்கென ஓர் இயக்குநரை நியமிக்க வேண்டும். ஐரோப்பிய நெறிமுறையில் 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் தனியார் நிறுவனத்துக்கே உள்புகார் ஏற்பாடு கட்டாயம். புகாரைக் கையாள்பவர் பாரபட்சமற்றவராக இருக்க வேண்டும் என்பது விதி. சட்டம் உங்களைக் கட்டாயப்படுத்தாத நாடாக இருந்தாலும் இரண்டு வாசல் வையுங்கள். ஒன்று உள்ளே, ஒன்று வெளியே. வெளியே இருப்பவர் நிறுவனத்திடம் வேறு எந்த வேலைக்கும் பணம் வாங்காதவராக இருப்பது நல்லது.

விசாரிப்பவர் விஷயத்திலும் இதே கவனம் வேண்டும். 2001 ஆகஸ்டில் அமெரிக்க எரிசக்தி நிறுவனமான என்ரானின் துணைத் தலைவர்களில் ஒருவரான ஷெரன் வாட்கின்ஸ், கணக்கு மோசடியில் நிறுவனமே வெடித்துச் சிதறும் என்று தலைவர் கென்னத் லேயிடம் எச்சரித்தார். வெளி வழக்கறிஞர் நிறுவனம் ஒன்றிடம் விசாரணை ஒப்படைக்கப்பட்டது. சர்ச்சைக்குள்ளான பரிவர்த்தனைகள் சிலவற்றில் ஏற்கெனவே வேலை செய்திருந்த அதே நிறுவனம் அது. அதிகம் கவலைப்பட ஒன்றுமில்லை என்ற தொனியில் அறிக்கை வந்தது. டிசம்பரில் என்ரான் திவாலானது. புகார் சரியான ஆளிடம் போனாலும் தவறான கையில் விசாரணை விழுந்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது.

பெயரில்லாப் புகாரை ஏற்பதில்லை என்பது பார்வைக்கு நியாயமாகத் தோன்றும். ஆனால் அமெரிக்காவில் என்ரானுக்குப் பின் வந்த 2002-ஆம் ஆண்டு சார்பேன்ஸ்-ஆக்ஸ்லி சட்டம், கணக்கு முறைகேடு பற்றி ஊழியர்கள் பெயர் சொல்லாமலே புகார் கொடுக்கப் பட்டியலிடப்பட்ட நிறுவனங்கள் வழி செய்தாக வேண்டும் என்கிறது. புகாரில் தேதி, தொகை, ஆவண எண் போன்று சரிபார்க்கக் கூடிய விவரம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் பெயர் எதற்கு? புகாருக்கு ஒரு ரகசிய எண் கொடுத்து, அதை வைத்து அவர் திரும்ப வந்து பதில் பார்க்கவும் மேலும் விவரம் தரவும் ஏற்பாடு செய்யலாம். பெயரோடுதான் வர வேண்டும் என்று கட்டாயப்படுத்தினால் புகார்கள் குறையும், முறைகேடு குறையாது. உலகளவில் மோசடி ஆய்வாளர்கள் சங்கம் வெளியிட்ட 2024 அறிக்கையில், பிடிபட்ட மோசடிகளில் 43 விழுக்காடு யாரோ கொடுத்த தகவலால்தான் தெரியவந்திருக்கிறது. அப்படித் தகவல் கொடுத்தவர்களில் பாதிக்கு மேல் அந்தந்த நிறுவனத்தின் ஊழியர்கள்.

மூன்றாவது நிபந்தனைதான் மிக ஆபத்தானது. நிரூபணமாகாத புகார் வேறு, பொய்ப் புகார் வேறு. ஸ்டோரில் இருப்பவருக்குச் சரக்கு வரவில்லை என்பது தெரியும். சப்ளையருக்கும் மேனேஜருக்கும் என்ன ஒப்பந்தம் என்பது தெரியாது. அதை நிரூபிப்பது அவர் வேலை கிடையாது, விசாரணையின் வேலை. "உண்மையில்லை என்று தெரிந்துகொண்டே கொடுக்கப்பட்ட புகார்" என்று மட்டும் எழுதுங்கள். அந்தச் சொற்களை விரிக்க யாரையும் விடாதீர்கள். புகார் கொடுத்தவருக்கு மேனேஜர் மேல் பழைய கோபம் இருக்கிறதா என்று தோண்டுவதும் வேண்டாம். பிரிட்டனில் நல்லெண்ணத்தோடு சொன்னாரா என்பது பாதுகாப்புக்கு ஒரு நிபந்தனையாக முன்பு இருந்தது. 2013-இல் அதை எடுத்துவிட்டார்கள். இப்போது கெட்ட எண்ணம் இருந்தாலும் பாதுகாப்பு போகாது, இழப்பீட்டில் 25 விழுக்காடு வரை குறையலாம், அவ்வளவுதான்.

"யார் சொன்னது?" என்று இயக்குநர் கேட்டாரே, அதற்கும் ஒரு விதி தேவை. புகார் கொடுத்தவரைக் கண்டுபிடிக்க முயல்வதே தண்டிக்கத்தக்க ஒழுங்கீனம், அது எந்தப் பதவியில் இருப்பவருக்கும் பொருந்தும் என்று பாலிசியில் எழுதுங்கள். பிரிட்டனின் பார்க்லேஸ் வங்கியின் அப்போதைய தலைமை நிர்வாகி ஜெஸ் ஸ்டேலி, 2016-இல் வந்த பெயரில்லாக் கடிதம் ஒன்றை எழுதியவர் யார் என்று கண்டுபிடிக்க முயன்றார். அதற்காக பிரிட்டனின் நிதி ஒழுங்குமுறை அமைப்புகள் 2018-இல் அவருக்கு 6,42,430 பவுண்ட் அபராதம் விதித்தன. கடிதம் எழுதியவர் கடைசிவரை அவருக்குத் தெரியவரவே இல்லை. தேட முயன்றதற்கே அந்த அபராதம். உங்கள் இயக்குநரிடம் இதைச் சொல்லத் தயங்க வேண்டாம்.

குற்றம் சாட்டப்பட்டவரையும் மறந்துவிட வேண்டாம். பர்சேஸ் மேனேஜருக்குத் தன் மேல் உள்ள குற்றச்சாட்டு என்ன, எந்த ஆவணங்களை வைத்து என்று தெரிய வேண்டும், பதில் சொல்ல வாய்ப்பும் வேண்டும். தகவல் தந்தவரின் பெயர் அதற்குப் பெரும்பாலும் தேவைப்படாது, ஏனென்றால் இது ஆவணங்களால் நிற்கவோ விழவோ போகிற வழக்கு. தகவல் தந்தவரின் சாட்சியம் இல்லாமல் முடியாது என்ற கட்டம் வந்தால், முதலில் அவரிடமே கேட்டு எழுத்தில் சம்மதம் வாங்குங்கள்.

காலக்கெடுவுக்கு ஐரோப்பிய அளவையே எடுத்துக்கொள்ளலாம்: புகார் கிடைத்தது என்று 7 நாளுக்குள் தெரிவிப்பது, அதிலிருந்து 3 மாதத்துக்குள் என்ன செய்தோம் என்று சொல்வது. சம்பளம், விடுப்பு போன்ற சொந்தக் குறைகளும் பாலியல் தொல்லைப் புகார்களும் அவற்றுக்கான தனி வழியில் போகட்டும். வேலை ஒப்பந்தங்களில் உள்ள இரகசியம் காக்கும் ஷரத்தையும் ஒருமுறை பாருங்கள். முறைகேட்டை அரசு அமைப்பிடம் சொல்லக் கூடாது என்று பொருள்படும்படி அது இருந்தால் திருத்துங்கள். பிரிட்டனில் அப்படிப்பட்ட ஷரத்து அந்த அளவுக்குச் செல்லாது.

ஒன்றை மட்டும் நீங்கள் ஊழியர்களிடம் மறைக்கக் கூடாது. உள்ளே சொன்னால் எல்லா நாட்டிலும் சட்டப் பாதுகாப்பு கிடைத்துவிடாது. மலேசியாவின் 2010-ஆம் ஆண்டுச் சட்டம் அமலாக்க அமைப்பிடம் சொன்னவரைத்தான் பாதுகாக்கிறது. அமெரிக்காவில் 2010-ஆம் ஆண்டு டாட்-ஃபிராங்க் நிதிச் சீர்திருத்தச் சட்டத்தின் பாதுகாப்பு, பங்குச் சந்தை ஆணையத்திடம் சொன்னவருக்கே உண்டு என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2018-இல் தீர்ப்பளித்தது. இந்தியாவின் 2014-ஆம் ஆண்டு விசில்ப்ளோயர் பாதுகாப்புச் சட்டம் அரசு ஊழியர்கள் மீதான புகார்களுக்கானது, அதுவும் நடைமுறைக்குக் கொண்டுவரப்படவில்லை. இப்படிச் சட்டம் கைவிடும் இடங்களில் உங்கள் பாலிசிதான் ஊழியருக்கு ஒரே பிடிப்பு. அதனால் அதை வேலை ஒப்பந்தத்தின் ஒரு பகுதியாகவே ஆக்குங்கள். மீறினால் ஒப்பந்த மீறல் என்று கேட்க அப்போது ஒரு வழி இருக்கும்.

அந்தப் பெண்ணிடம் சொல்ல வேண்டியவை. கோபத்தில் ராஜினாமா எழுத வேண்டாம். இடமாற்றம் நிற்காவிட்டால், வேலைக்குப் போகாமல் இருப்பதும் வேண்டாம். கீழ்ப்படியவில்லை என்று நிறுவனத்துக்கு ஒரு காரணம் கிடைத்துவிடும். "எதிர்ப்பைப் பதிவு செய்து, என் உரிமைகளை விட்டுக்கொடுக்காமல் பணியில் சேருகிறேன்" என்று எழுதிக் கொடுத்துச் சேரலாம். தன் வேலையில் இயல்பாகக் கண்ணில் பட்டவற்றைத் தேதியோடும் இன்வாய்ஸ் எண்ணோடும் குறித்து வைத்தால் போதும். அடுத்தவர் கணினியைத் திறப்பதோ ஃபைல்களை வீட்டுக்குக் கொண்டுபோவதோ கூடாது. பழிவாங்கலுக்கு எதிரான மனுவுக்குக் கெடு மிகக் குறைவு. சார்பேன்ஸ்-ஆக்ஸ்லி சட்டத்தில் 180 நாள். பிரிட்டனில் வேலைநீக்கத்தை எதிர்த்து இடைக்கால நிவாரணம் கேட்க 7 நாள்தான். உங்கள் ஊர்த் தொழிலாளர் வழக்கறிஞர் ஒருவரை அவர் இந்த வாரமே பார்க்கட்டும்.

உங்கள் நிலை: பெயரைச் சொல்ல மறுத்தது சரி. ஐரோப்பிய நெறிமுறை, புகார் கொடுப்பவருக்கு உதவியவரையும் பாதுகாக்கிறது. ஆனால் நீங்கள் இதுவரை செய்ததெல்லாம் வாய்மொழியாக இருக்கிறது, அதுதான் என் கவலை. என்ன தகவல், எந்தத் தேதியில் இயக்குநரிடம் சொன்னீர்கள், என்ன பரிந்துரைக்கிறீர்கள் என்று பெயர் இல்லாமல் ஒரு குறிப்பு எழுதி அனுப்புங்கள். அந்தக் குறிப்பு உங்கள் பெயரில் கொடுத்த புகாராகவும் நிற்கும். நாளை உங்களுக்கே ஒரு மெமோ வந்தால் அதுதான் கைகொடுக்கும்.

பாலிசியில் கடைசியாக ஒரு பத்தி சேருங்கள். புகார் முடிந்து ஓராண்டு வரை, மூன்று மாதத்துக்கு ஒருமுறை, புகார் கொடுத்தவரின் சம்பளம், அப்ரைசல், ஷிப்ட், விடுப்பு ஆகியவற்றை யாரோ ஒருவர் எடுத்துப் பார்த்து இயக்குநர் குழுவுக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். பழிவாங்கல் பெரும்பாலும் சூடு ஆறிய பிறகு, அடுத்த ஆண்டு அப்ரைசலில் ஒரு மதிப்பெண் குறைவதாக வரும். அந்த "யாரோ ஒருவர்" எந்தப் பதவியில் இருப்பவர் என்பதைப் பாலிசியிலேயே எழுதுங்கள். அது பர்சேஸ் மேனேஜருக்கு மேலே, நிர்வாக இயக்குநரின் கீழ் வேலை செய்யாத ஒருவராக இருக்கட்டும்.