ஆர்க்கிட் தொட்டி மாற்றுதல்: கேள்வி பதில்

கேள்வி: பெலனாப்சிஸில் பூ உதிர்ந்துவிட்டது. இலை ஒவ்வொன்றும் முக்கால் அடி நீளம். இப்போது 4 இன்ச் தொட்டி. ஒரேயடியாக 8 இன்ச்சுக்கு மாற்றிவிடலாமா சார்?

பதில்: வேண்டாம். இலையைப் பார்த்துத் தொட்டி எடுக்காதீர்கள், வேரைப் பாருங்கள். மண்ணுக்குப் பதிலாகத் தொட்டியில் போட்டிருக்கும் பழைய மரப்பட்டையை உதறி, செத்த வேர்களை வெட்டிய பிறகு மிஞ்சும் வேர்களை ஒரு கையால் குவித்துப் பிடியுங்கள். அவை உள்ளே போய்ச் சுற்றிலும் அரை முதல் ஒரு இன்ச் இடம் இருந்தால் போதும். உங்கள் செடிக்குப் பெரும்பாலும் 5 இன்ச். பாதி வேர் அழுகியிருந்தால் அதே 4 இன்ச்தான்.

வேர் எட்டாத இடத்தில் நிற்கும் ஈரத்தை உறிஞ்ச எதுவும் இல்லை. மேலே காய்ந்து தெரியும், நடுவில் நசநசவென்று இருக்கும். நீங்கள் மேலே தொட்டுப் பார்த்து மறுபடியும் ஊற்றுவீர்கள். ஆர்க்கிட் வேரைச் சுற்றி வெலமென் என்று ஒரு பஞ்சு உறை உண்டு. தண்ணீர் பட்டதும் அது சட்டென்று உறிஞ்சிக்கொள்ளும். அதன் பிறகு வேருக்கு வேண்டியது காற்று. பெரிய தொட்டியில் அந்தக் காற்றுதான் கிடைப்பதில்லை.

மாற்றும் முறை: வேர்களைச் சாதாரணத் தண்ணீரில் 15 நிமிடம் ஊறவிடுங்கள். சாம்பல் நிற வேர் பச்சையாகி, வளைந்துகொடுக்கும். பிறகு தொட்டியின் பக்கங்களை அமுக்கிச் செடியை வெளியே எடுங்கள். ஒவ்வொரு வேரையும் விரலால் அழுத்துங்கள். உறை வழுக்கிக் கழன்று உள்ளே நூல் மட்டும் நின்றால் அது செத்த வேர், வெட்டுங்கள். பழுப்பாக இருந்தாலும் கெட்டியாக இருந்தால் விடுங்கள். அது பட்டையின் கறை. கத்தரியை ஒவ்வொரு செடிக்கும் நெருப்பில் காட்டுங்கள், இல்லையென்றால் செடிக்கு ஒரு புது பிளேடு. சிம்பிடியம் மொசைக் வைரஸ் என்ற ஆர்க்கிட் நோய்க்கிருமி பெரும்பாலும் வெட்டுக்கருவி வழியாகத்தான் செடி விட்டுச் செடி போகிறது, வந்தால் மருந்து கிடையாது.

அடியிலை மீடியத்தின், அதாவது தொட்டியில் நிரப்பும் பட்டைக் கலவையின் மேல்மட்டத்தைத் தொட்டும் தொடாமலும் இருக்கட்டும், தண்டைப் புதைக்காதீர்கள். வெளியே நீண்ட காற்றுவேர்களை உள்ளே திணிக்க வேண்டாம், ஒடிந்துவிடும். பட்டையை ஓரங்களிலிருந்து போட்டு, தொட்டியைத் தட்டித் தட்டி நிரப்புங்கள். செடி ஆடக் கூடாது. ஆடினால் புதிதாக வரும் வேர்நுனி பட்டையில் உரசித் தேய்ந்துவிடும். ஒரு குச்சி நட்டுக் கட்டுங்கள். வேர் நிறைய வெட்டியிருந்தால் மூன்று நாலு நாள் தண்ணீர் வேண்டாம். புது வேர்நுனி தெரியும் வரை உரமும் வேண்டாம்.

கேள்வி: எந்த மீடியம் நல்லது? பட்டையா, பாசியா, கரியா?

பதில்: நீங்கள் எவ்வளவு அடிக்கடி தண்ணீர் ஊற்றுபவர் என்பதைப் பொறுத்தது. கை சும்மா இருக்காது என்றால் 12 முதல் 20 மில்லிமீட்டர் பைன் பட்டையோடு கரித்துண்டு சேருங்கள். வாரம் ஒருமுறைதான் பார்ப்பேன் என்றால் பட்டையில் கொஞ்சம் ஸ்பாக்னம் பாசி கலக்கலாம். பாசியை ஒருபோதும் அழுத்தி அடைக்காதீர்கள். காய்ந்த பட்டையில் தண்ணீர் ஒட்டாமல் ஓடிவிடும், முந்தின இரவே ஊறவையுங்கள். ஆன்சிடியம் மாதிரி மெல்லிய வேர் உள்ளவற்றுக்கு 6 முதல் 10 மில்லிமீட்டர் பட்டை. இவற்றுக்கு மண் வேண்டாம்.

கேள்வி: தேங்காய் மட்டைத் துண்டு போடலாமா? நார்க்கழிவும் இருக்கிறது.

பதில்: துண்டு போடலாம். அதில் உப்பு இருக்கும், அதனால் ஒரு நாள் ஊறவைத்துத் தண்ணீரைக் கொட்டுங்கள். இப்படி இரண்டு மூன்று முறை, கறைத் தண்ணீர் தெளியும் வரை. தூளான நார்க்கழிவு வேண்டாம். சில மாதத்தில் படிந்து சேறாகிக் காற்றை அடைத்துவிடும்.

கேள்வி: டென்ட்ரோபியத்துக்கு எத்தனை இன்ச் தொட்டி?

பதில்: தண்டு இரண்டடி உயரம் இருந்தாலும் 4 இன்ச்சே போதும். சாய்ந்தால் அந்தத் தொட்டியைக் கனமான இன்னொரு தொட்டிக்குள் இறக்கி வையுங்கள். சாய்கிறதே என்று பெரிய தொட்டிக்கு மாற்றினால் அடி அழுகும். புதுத் தளிரின் அடியில் வேர் ஒரு சென்டிமீட்டர் எட்டிப் பார்க்கும் நேரத்தில் மாற்றுங்கள், அந்த வேர்கள் நேராகப் புது மீடியத்துக்குள் இறங்கும்.

கேள்வி: கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் தொட்டி கட்டாயமா? வேர் ஒளிச்சேர்க்கை செய்யும் என்கிறார்களே.

பதில்: கட்டாயமில்லை.

இன்னொருவர்: எப்படிக் கட்டாயமில்லை? பச்சை வேரில் பச்சையம் இருக்கிறதே.

பதில்: இருக்கிறது. இலையே இல்லாத ஆர்க்கிட்டுகள் உண்டு. பேய் ஆர்க்கிட் என்று பேர் வாங்கிய டென்ட்ரோஃபைலாக்ஸ் லிண்டேனியை எடுத்துக்கொள்ளுங்கள், அது வேரை வைத்தே பிழைக்கிறது. ஆனால் பெலனாப்சிஸுக்குத் தடித்த இலை இருக்கிறது, உணவில் பெரும்பங்கு அங்கேதான் தயாராகிறது. ஒளி புகாத தொட்டியிலும் நன்றாகவே பூக்கும். தெளிந்த தொட்டியின் உண்மையான பலன் வேறு. வேர் பச்சையாக இருந்தால் ஈரம், வெள்ளிச் சாம்பலாக இருந்தால் காய்ந்திருக்கிறது. சுவரில் நீர்த்துளி நின்றால் இன்னும் ஊற்றும் நேரம் வரவில்லை. புதிதாக வளர்ப்பவருக்கு இதைவிடப் பெரிய உதவி இல்லை.

மற்றொருவர்: அதெல்லாம் சரி, மண்தொட்டியில்தான் வேர் மூச்சுவிடும். பிளாஸ்டிக் எல்லாமே வேரைக் கொல்லும்.

பதில்: மண்தொட்டி சுவர் வழியாகக் காய்வது உண்மை, ஈரக்காற்று அதிகமுள்ள இடத்தில் அது நல்லது. ஆனால் வேர் சுவரில் ஒட்டிக்கொள்ளும், பிய்த்தால் உறை உரிந்துவிடும். அடுத்த முறை தொட்டியை உடைத்து, ஒட்டிய ஓட்டோடு சேர்த்தே நட வேண்டியிருக்கும். உர உப்பும் சுவரில் வெள்ளையாகப் படியும். வேரைக் கொல்வது பிளாஸ்டிக் அல்ல, துளையில்லாத அடியும் மக்கிப்போன பட்டையும்தான். பக்கவாட்டில் துளையிட்ட பிளாஸ்டிக்கில் காற்று தாராளமாகப் போகிறது. இதற்கு மேல் இந்த விவாதம் வேண்டாம், காத்திருக்கும் கேள்விகள் இருக்கின்றன.

கேள்வி: என் பெலனாப்சிஸுக்கு 10 இன்ச் தொட்டி வாங்கிவிட்டேன்.

பதில்: அதில் வேறு செடி வையுங்கள். காரணம் முதல் பதிலில்.

கேள்வி: வெட்டிய வேரில் பட்டைத்தூள் தடவலாமா?

பதில்: லவங்கப் பட்டைத்தூளைத்தானே கேட்கிறீர்கள்? இலை வெட்டில் லேசாகத் தடவலாம். வேரில் வேண்டாம், அது நல்ல வேரையும் உலர்த்திவிடும்.

கேள்வி: வாண்டா கூடையை மீறி வளர்ந்துவிட்டது.

பதில்: பிரிக்காதீர்கள். பழைய கூடையோடு பெரிய கூடைக்குள் இறக்கிவிடுங்கள். மீடியம் தேவையில்லை, வேண்டுமானால் நாலைந்து கரித்துண்டு.

கேள்வி: பூத்திருக்கும்போது மாற்றலாமா?

பதில்: அழுகல் வாடை வந்தால் உடனே. இல்லையென்றால் பூ முடியட்டும்.

கேள்வி: இலையில் கரும்புள்ளி. என்ன மருந்து?

பதில்: பார்க்காமல் மருந்து சொல்லமாட்டேன். தாவர நோய் தெரிந்தவரிடம் இலையையே காட்டுங்கள்.

கேள்வி: கேட்லியாவைப் பிரிக்க வேண்டும். ஒரு பிரிவில் எத்தனை குமிழ் (தடித்த தண்டு) வேண்டும்?

பதில்: ஒரு பிரிவில் குறைந்தது மூன்று, நாலு இருந்தால் நல்லது. அதற்குக் குறைந்தால் பூக்க வெகுகாலம் ஆகும். நடும்போது பழைய குமிழைத் தொட்டியின் விளிம்போடு ஒட்டி வையுங்கள். புது முளை எதிர்ப்பக்கம் போகும், அங்கே இரண்டு வருட வளர்ச்சிக்கு இடம் விடுங்கள். இந்த ஒரு செடிக்குத்தான் அளவைச் சற்றுத் தாராளமாகச் சொல்கிறேன்.

கேள்வி: வடிகாலுக்கு அடியில் கூழாங்கல் போட்டால் பெரிய தொட்டியும் சரிப்படுமா?

பதில்: சரிப்படாது. கல்லுக்கு மேலே உள்ள மீடியத்தில் ஈரம் அப்படியே தங்கும், மட்டம்தான் மேலே ஏறும். பெரிய தொட்டிதான் இருக்கிறது என்றால் நடுவில் ஒரு தெர்மோகோல் கட்டியை வைத்து, வேரை அதைச் சுற்றி விரித்து நடுங்கள். ஈரம் நிற்கும் இடத்தை அது அடைத்துக்கொள்ளும்.