மட்கார்டுக்குள் அடிக்கும் ஸ்ப்ரே: கேட்டவையும் சொன்னவையும்

வாட்டர் வாஷ் முடியும் நேரத்தில் "அடியில் கருப்பு ஸ்ப்ரே அடித்துவிடட்டுமா?" என்று கேட்பார்கள். பெரும்பாலானோர் தலையாட்டிவிடுகிறார்கள். அடிப்பது என்ன, எதற்கு, எங்கே அடிக்கக் கூடாது என்று கேட்பவர்கள் குறைவு. கார் கழுவி மெருகேற்றும் தொழிலில் இருப்பதால் கேட்கிற சிலர் என்னிடம் வருகிறார்கள். அவர்களின் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

மதுரையிலிருந்து: சார், சக்கரத்துக்கு மேலே உள்ள கருப்பு பிளாஸ்டிக் வெளுத்துச் சாம்பல் நிறமாகிவிட்டது. கடையில் பால் போல ஒன்றும், எண்ணெய் போல ஒன்றும் காட்டுகிறார்கள். எதை வாங்குவது?

இரண்டும் 'டிரெஸ்ஸிங்' எனப்படும் மெருகு ஸ்ப்ரேதான். பால் போல இருப்பதை வாங்குங்கள். அது தண்ணீரில் சிலிகான் எண்ணெயை நுண்துளிகளாகக் கலந்து செய்தது. அடித்ததும் வெள்ளையாகத் தெரியும், தண்ணீர் ஆவியானதும் மெல்லிய படலம் மட்டும் நிற்கும். எண்ணெய் போலத் தெளிவாக இருப்பதில் சிலிகானைப் பெட்ரோலியக் கரைப்பானில் கரைத்திருப்பார்கள். பளபளப்பு அதிகம், மழையில் சற்றுக் கூடுதல் நாள் தங்கும். ஆனால் பிசுபிசுப்பு நிற்பதால் புழுதி முழுவதும் அதன்மேல் வந்து உட்காரும். தீப்பற்றும், நாற்றமும் உண்டு, ரப்பர் பாகங்களுக்கும் நல்லதல்ல. டப்பாவில் தீச்சுடர் படம் இருக்கிறதா என்று பார்த்தாலே எந்த வகை என்று பெரும்பாலும் தெரிந்துவிடும்.

பால் வகையில் இன்னொரு வசதி, தண்ணீர் சேர்த்து நீர்க்கச் செய்யலாம். டயரின் பக்கச்சுவருக்கு ஒன்றுக்கு ஒன்று என்று கலப்பவர்கள், மட்கார்டுக்குள் ஒன்றுக்கு மூன்று கலந்தாலே போதும். சக்கரத்துக்கு மேலே இருக்கும் இடம் மின்ன வேண்டிய அவசியம் இல்லை. சீரான கருப்பாக, கண்ணுக்குத் தெரியாமல் ஒதுங்கி நின்றால் வண்டி தானாகவே சுத்தமாகத் தெரியும். அங்கே எண்ணெய் வழிகிற மாதிரி மினுக்குவது எனக்குப் பிடிப்பதில்லை.

தூத்துக்குடியிலிருந்து: அண்ணா, தினமும் உப்பளம் ஒட்டிய சாலையில்தான் போய் வருகிறேன். இந்த டிரெஸ்ஸிங்கை அடிப்பக்கம் முழுவதும் அடித்தால் துரு பிடிக்காமல் இருக்குமா?

இருக்காது தம்பி. எனக்கு வரும் கேள்விகளில் பாதி இந்த ஒரு குழப்பத்திலிருந்துதான் வருகிறது. டிரெஸ்ஸிங் என்பது பிளாஸ்டிக்குக்கும் ரப்பருக்கும் போடும் ஒப்பனை. துருவைத் தடுப்பது இரும்புக்குச் செய்யும் வேலை. இரண்டுக்கும் பொருள் வேறு, அடிக்கும் இடமும் வேறு. எதற்காக அடிக்கிறோம் என்று தீர்மானித்த பிறகே டப்பாவைத் தேட வேண்டும்.

உங்கள் ஊர்க் கதை இன்னும் கடினம். உப்பு ஏற்றிய லாரியிலிருந்து சொட்டும் நீர் சாலையில் கிடக்கிறது, அதன்மேல் நீங்கள் ஓட்டுகிறீர்கள். வீட்டுக்கு வந்து நிறுத்தினால் வண்டி காய்ந்துவிடும் என்று நினைக்க வேண்டாம். காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானாகவே ஈரத்தை இழுத்துக் கசியத் தொடங்கும். கடல் உப்பில் கலந்திருக்கும் மெக்னீசியம் குளோரைடுக்கு அதைவிட மிகக் குறைந்த ஈரமே போதும். கடற்கரையில் இரவு முழுக்க உங்கள் வண்டியின் அடிப்பக்கம் நனைந்தே நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

செய்ய வேண்டியது, முதலில் தண்ணீர். வாரம் ஒருமுறையாவது வெறும் நல்ல தண்ணீரால் அடிப்பக்கத்தைக் கழுவுங்கள். ஷாம்பு கூட வேண்டாம், உப்பு கரைந்து போனால் சரி. போர்வெல் தண்ணீரே உப்பாக இருந்தால் கழுவிப் பயனில்லை, அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். அடுத்து, நன்றாகக் காய்ந்த பிறகு, ஆட்டுக் கம்பளியிலிருந்து எடுக்கும் லானோலின் மெழுகு கலந்த துருத்தடுப்பு ஸ்ப்ரேயை இரும்புப் பகுதிகளுக்கு அடியுங்கள். அது இறுகிக் கெட்டியாகாது. இடுக்குகளுக்குள் மெல்ல ஊர்ந்து போய் ஈரத்தை அண்டவிடாது. ஆண்டுக்கு ஒருமுறை, வடகிழக்குப் பருவமழைக்கு முன், செப்டம்பரில் அடித்தால் நல்லது.

துரு நடுவில் தொடங்குவதில்லை, ஓரத்தில் தொடங்கும். தகடுகள் சேரும் மடிப்பு, வெல்டிங் புள்ளிகள், கதவுக்குக் கீழே ஓடும் பெட்டிப் பகுதி, மட்கார்டு விளிம்பின் உள்மடிப்பு ஆகியவற்றைத் தேடி அடியுங்கள். நீர் வடிவதற்கென்று கீழே சிறு துளைகள் இருக்கும், அவற்றை மட்டும் அடைத்துவிடாதீர்கள்.

திருச்சியிலிருந்து: புதுக் கார் எடுக்கிறோம். ஷோரூமில் அண்டர் கோட்டிங் போட்டுத் தருகிறோம் என்கிறார்கள். தேவையா?

அவர்கள் சொல்வது பெரும்பாலும் தார் அல்லது ரப்பர் கலந்த தடித்த கருப்புப் பூச்சு. கல் தெறிப்பதைத் தாங்கும், சத்தத்தைக் கொஞ்சம் குறைக்கும். துருவுக்கு எதிராக அது எவ்வளவு உதவும் என்பது முழுக்க அடிக்கும் விதத்தில் இருக்கிறது. இன்றைய கார்களின் உடல் தகடு தொழிற்சாலையிலேயே மின்முறைப் பிரைமர் தொட்டியில் முழுகித்தான் வருகிறது. அதன்மேல், காயாத ஈரத்திலோ புழுதியிலோ இந்தத் தடித்த பூச்சை அடித்தால், சில ஆண்டுகளில் ஓரங்களில் வெடிப்பு விடும். வெடிப்புக்குள் போன தண்ணீர் வெளியே வராது. மேலே கருப்பாக அழகாக இருக்கும், அடியில் தகடு உதிர்ந்துகொண்டிருக்கும்.

மூன்று விஷயங்களைக் கேளுங்கள். கழுவி முழுவதும் காயவைத்த பிறகு அடிப்பார்களா? மட்கார்டின் பிளாஸ்டிக் உறையைக் கழற்றி உள்ளே அடிப்பார்களா, அல்லது பிளாஸ்டிக்கின் மேலேயே பூசிவிடுவார்களா? வடிகால் துளை, பிரேக், சைலன்சர் ஆகியவற்றை மூடிவிட்டு அடிப்பார்களா? தெளிவான பதில் வந்தால் போடலாம். "அதெல்லாம் பையன் பார்த்துக்கொள்வான்" என்றால் அந்தப் பணத்துக்கு நல்ல டயர் வாங்க ஒதுக்குங்கள். உள்நாட்டு ஊரில், மேடான இடத்தில் நிறுத்தி ஓட்டும் வண்டிக்கு இது இல்லாமலும் காலம் ஓடும்.

சேலத்திலிருந்து: எங்கள் அப்பா காலத்திலிருந்து சர்வீஸுக்குப் பிறகு அடியில் டீசல் அடிப்பதுதான் பழக்கம். அதில் என்ன தவறு?

அப்பா ஓட்டிய வண்டியின் அடிப்பக்கம் வேறு. லீஃப் ஸ்பிரிங், கிரீஸ் நிப்பிள், தடித்த சேஸிஸ் என்று எண்ணெய் பட்டால் சந்தோஷப்படும் பாகங்கள் நிறைய இருந்தன. இப்போது அங்கே புஷ் (இணைப்புகளில் அதிர்வைத் தாங்கும் ரப்பர் வளையம்), பூட் (மூட்டுகளை மூடும் ரப்பர் உறை), ஸ்டெபிலைசர் ரப்பர், சென்சார் ஒயர் என்று இருக்கிறது. பெட்ரோலிய எண்ணெய் பட்டால் இயற்கை ரப்பர் ஊதிப்போய் மெத்தென்று ஆகிவிடும். ஸ்டியரிங் திருப்பும்போது வரும் 'கடக் கடக்' சத்தத்துக்குப் பின்னால் இப்படிப்பட்ட புஷ்கள் பலவற்றைப் பார்த்திருக்கிறேன். டீசல் மெல்ல ஆவியாகும், மிஞ்சும் பிசுக்கு புழுதியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பழைய என்ஜின் ஆயில் அடிப்பது அதைவிட மோசம். அதில் உலோகத் துகளும் எரிந்த கழிவும் கலந்திருக்கின்றன, மழையில் அதெல்லாம் உங்கள் தெருவின் மண்ணுக்குத்தான் போகிறது.

சென்னையிலிருந்து: என் காரில் மட்கார்டுக்குள் பிளாஸ்டிக் இல்லை, கம்பளித் துணி போல ஏதோ ஒட்டியிருக்கிறது. அதற்கு என்ன அடிக்கலாம்?

எதையும் அடிக்காதீர்கள். அது டயர் சத்தத்தையும் கல் தெறிக்கும் சத்தத்தையும் உறிஞ்சுவதற்காகப் பாலியெஸ்டர் இழையில் செய்த உறை. டிரெஸ்ஸிங்கைக் குடித்துவிட்டுத் திட்டுத்திட்டாக நிற்கும், பிறகு சேறு அதில் ஒட்டிக்கொள்ளும். மிதமான அழுத்தத்தில் தண்ணீர், நார் பிரஷ், காற்று. அவ்வளவுதான்.

கோவையிலிருந்து: மட்கார்டுக்கு ஸ்ப்ரே அடித்துக் கொடுத்த நாளிலிருந்து முன்பக்கப் பிரேக் சரியாகப் பிடிக்கவில்லை. இரண்டுக்கும் தொடர்பு உண்டா?

இருக்கலாம் என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். இனி அந்த வண்டியை வேகமாக ஓட்டாமல் நேராக மெக்கானிக்கிடம் கொண்டுபோங்கள். சிலிகானோ எண்ணெயோ பிரேக் டிஸ்க்கில் பட்டால், அதை அழுத்திப் பிடிக்கும் பேடு வழுக்கும். டிஸ்க்கைப் பிரேக் கிளீனரால் துடைத்துவிடலாம். பேடு உறிஞ்சியிருந்தால் துடைத்துப் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும். ஒரு பக்கம் மட்டும் பட்டிருந்தால் பிரேக் பிடிக்கும்போது வண்டி ஒரு பக்கமாக இழுக்கும்.

நீங்களே அடிப்பதாக இருந்தால் முறை இதுதான். என்ஜின் ஆறட்டும். ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுவதும் திருப்பிச் சக்கரத்தின் பின்புறம் தெரியும்படி வையுங்கள். டிஸ்க்கை அட்டை வைத்து மறையுங்கள். காற்றில் தூவாமல், நீளக் கழுத்து ஸ்ப்ரேயரை உள்ளே விட்டு மேல் வளைவை நோக்கி அடியுங்கள். மறுபக்கம் திருப்பி மீதியை முடியுங்கள். பத்து நிமிடம் கழித்து, தொங்கும் துளிகளைப் பழைய துணியால் ஒற்றி எடுங்கள். அப்படி ஒற்றாவிட்டால் ஓடத் தொடங்கியதும் அவை கதவிலும் டிஸ்க்கிலும் தெறிக்கும். டயரின் தரையில் படும் பகுதியில் ஒரு துளியும் படக் கூடாது.

WD என்ற பெயர் எழுதிய நீல மஞ்சள் டப்பா வீட்டில் இருக்கிறது. அதையே அடியில் அடிக்கலாமா? (வேலூர்)

டபிள்யூடி-40 என்ற பெயரே ஈரத்தை விரட்டுவதற்கான நாற்பதாவது கலவை என்பதைக் குறிப்பது, 1953இல் சான் டியேகோவில் உருவானது. நனைந்த பாகத்தின் ஈரத்தை விரட்டவும் இறுகிய நட்டை இளக்கவும் அருமையானது. அதன் பெரும்பகுதி ஆவியாகிவிடும், மிஞ்சும் படலம் சாலைத் தண்ணீரின் முன் நிற்காது. நட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

நாகர்கோவிலிலிருந்து: தேங்காய் எண்ணெய் தடவினால் பிளாஸ்டிக் கருப்பாகிறதே, தம்பி?

ஆகும் அம்மா, இரண்டு நாளைக்கு. பிறகு காறிப்போய் நாற்றம் வரும், புழுதி அப்பிக்கொள்ளும். அதைவிட, எலிக்கு விருந்து வைத்த மாதிரி.

அப்படியானால் எலி ஒயரைக் கடிக்காமல் இருக்க இந்த ஸ்ப்ரே உதவுமா?

உதவாது. வண்டியை ஒரே இடத்தில் வாரக்கணக்கில் நிறுத்தாமல் இருப்பதே மேல்.

கோவில்பட்டியிலிருந்து: மழைக்காலத்தில் தோட்டத்துக்குப் போய் வந்தால் கரிசல் மண் மட்கார்டுக்குள் அப்பிக்கொள்கிறது. அதன்மேல் ஸ்ப்ரே அடித்தால் அடுத்த முறை ஒட்டாதா?

மண்ணின் மேல் அடித்தால் மண்ணுக்குத்தான் மெருகு. முதலில் அது போக வேண்டும். கரிசல் மண் களி, நனைந்தால் பசை, காய்ந்தால் ஓடு. காய்ந்ததைச் சுரண்டாதீர்கள், முதலில் நனைத்துக் கால் மணி நேரம் ஊறவிடுங்கள், பிறகு அழுத்தத் தண்ணீர் அடித்தால் கட்டிகட்டியாக விழும். விளிம்பின் உள்மடிப்பில் விரலை விட்டுத் தடவிப் பாருங்கள், அங்கே எப்போதும் ஒரு கைப்பிடி மிஞ்சியிருக்கும். ஈரத்தை வாரக்கணக்கில் பிடித்து வைத்து விளிம்பைத் தின்பது அந்த ஒரு கைப்பிடிதான்.

சுத்தமான பிளாஸ்டிக்கில் டிரெஸ்ஸிங் இருந்தால் அடுத்த முறை மண் எளிதாகக் கழன்று வரும், அது உண்மை. ஒட்டவே ஒட்டாது என்று யாராவது சொன்னால் அவரைத் தோட்டத்துக்கு ஒருமுறை அழைத்துப் போங்கள்.

ரொறன்ரோவிலிருந்து: அண்ணா, இங்கே குளிர்காலத்தில் வீதியெல்லாம் உப்பு. ஊரில் சொல்வதுபோல் மெழுகு அடித்தால் போதுமா?

உங்கள் ஊரில் இதற்கென்றே ஆண்டுதோறும் எண்ணெய் வகைத் தெளிப்பு செய்யும் கடைகள் இருக்கின்றன, அந்த வழக்கம் காரணத்தோடுதான் வந்தது. பனியை உருக்கப் போடும் சாதாரண உப்பு சுமார் மைனஸ் பத்து டிகிரிக்குக் கீழே சரியாக வேலை செய்யாததால், கடும் குளிரில் கால்சியம், மெக்னீசியம் குளோரைடுக் கரைசல்களையும் தெளிக்கிறார்கள். அவை இன்னும் பொல்லாதவை, எளிதில் காயவே காயாது. ஆகவே பனி விழும் முன்பே அடியுங்கள். வெதுவெதுப்பான நாளில் அடித்தால் எண்ணெய் இடுக்குகளுக்குள் நன்றாக ஊரும். வெளியே மட்டும் அடிப்பதில் பயன் பாதிதான், கதவின் உள்ளும் கீழ்ப்பெட்டியின் உள்ளும் போக வேண்டும். ஓரிரு நாள் சொட்டும், அதுவரை பக்கத்து வீட்டார் முற்றத்தில் நிறுத்தாதீர்கள்.

மின்சாரக் காருக்கும் இதே போல அடிக்கலாமா? (ஓசூர்)

மட்கார்டின் பிளாஸ்டிக்குக்குப் பால் வகை டிரெஸ்ஸிங் அடிக்கலாம். தரையை ஒட்டிய பேட்டரிப் பெட்டியின் மேல் எதையும் பூசாதீர்கள். அதில் அழுத்தத்தைச் சமன் செய்யும் காற்று வால்வு இருக்கும், தடித்த பூச்சு அதை அடைத்துவிடும். ஆரஞ்சு நிறத்தில் ஓடுபவை உயர் மின்னழுத்தக் கேபிள்கள், பிரஷ் கூட அங்கே வேண்டாம். துருத்தடுப்பு வேண்டுமென்றால் முதலில் தயாரிப்பாளரின் சர்வீஸ் மையத்தில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

தஞ்சாவூரிலிருந்து: அடுத்த மாதம் மட்கார்டில் டிங்கரிங், பெயிண்ட் வேலை இருக்கிறது. அதற்கு முன் ஸ்ப்ரே அடித்துச் சுத்தமாகக் கொடுத்தால் பெயிண்டருக்கு உதவியாக இருக்குமா?

பெயிண்டர் உங்களைத் திட்டுவார். சிலிகான் துளி சிறிது இருந்தாலும் புதுப் பெயிண்ட் அந்த இடத்தில் ஒட்டாமல் வட்ட வட்டமாக விலகும், அவர்கள் அதை மீன்கண் என்பார்கள். திரும்பத் தேய்த்து அடிக்க வேண்டிவரும். வேலை முடியும் வரை எந்த ஸ்ப்ரேயும் வேண்டாம். முன்பே அடித்திருந்தால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள், அதற்கான கரைப்பானால் துடைத்துவிட்டுத் தொடங்குவார். பெயிண்ட் அடித்து ஒரு மாதம் போகட்டும், பிறகு பிளாஸ்டிக்குக்கு மட்டும் அடித்துக்கொள்ளலாம்.