வெட்டும் மெஷினைக் கம்பியூட்டரால் ஓட்டும் லினக்ஸ்சிஎன்சி மென்பொருள் ஓடும்போது 'எதிர்பாராத ரியல்டைம் தாமதம்' என்று வருகிறது, மோட்டார் ஸ்டெப் தவறுகிறது. எங்கிருந்து பார்க்கத் தொடங்குவது?

கேள்வியில் நீங்கள் சொன்னது: பழைய டெஸ்க்டாப், பேரலல் போர்ட்டில் (பழைய பிரின்டர் போர்ட்) ஸ்டெப்பர் மோட்டார்களை ஓட்டும் டிரைவர்கள், மூன்று அச்சில் ஓடி வெட்டும் ரவுட்டர் மெஷின். ரியல்டைம் கர்னல் (வேலையை நேரம் தவறாமல் செய்யவென்று அமைத்த லினக்ஸ் மையம்) போட்டும் பிழைச்செய்தி வருகிறது, சில நாட்களில் வேலை பாதியில் இடம் மாறிவிடுகிறது. ராம் கூட்டலாமா, எஸ்எஸ்டி போடலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

இரண்டுக்கும் காசு செலவழிக்க வேண்டாம். முதலில் கம்பியூட்டர் எவ்வளவு பிந்துகிறது என்று அளந்து பாருங்கள்.

கொழும்பு, கொட்டாஞ்சேனையில் நாங்கள் பெயர்ப்பலகை வெட்டுகிறோம். சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும் ஒரே பலகையில் எழுத்து வரும். ஒருநாள் ஒரு கடைப் பலகையில் 'ழ' வெட்டிக்கொண்டிருக்கும்போது மோட்டாரில் 'டக்' என்று ஒரு சத்தம் கேட்டது. மெஷின் நிற்கவில்லை. திரையில் எல்லா எண்களும் சரியாகவே ஓடின. கடைசியில் பார்த்தால், எழுத்தின் சுழி தொடங்கிய இடத்தில் வந்து சேரவில்லை, இரண்டு மில்லிமீட்டர் விலகி நின்றது. அதற்குப் பிறகு வெட்டிய எழுத்தெல்லாம் அதே அளவு தள்ளி. பலகை முழுதும் வீண். ஸ்டெப்பருக்கு என்கோடர் (உண்மையில் எவ்வளவு சுழன்றது என்று திருப்பிச் சொல்லும் கருவி) இல்லாவிட்டால், தவறிய ஸ்டெப்பை மென்பொருள் அறியவே முடியாது.

அதனால்தான் சராசரி வேகம் இங்கே உதவாது. பேரலல் போர்ட்டில் ஒவ்வொரு ஸ்டெப் துடிப்பையும் கம்பியூட்டரே எண்ணி அனுப்புகிறது. ஒரு கணக்கு பாருங்கள்: 200 ஸ்டெப் மோட்டார், 8 மைக்ரோஸ்டெப், 5 மில்லிமீட்டர் பிட்ச் ஸ்க்ரூ என்றால் ஒரு மில்லிமீட்டருக்கு 320 துடிப்பு. பேஸ் த்ரெட், அதாவது துடிப்பு அனுப்பத் திரும்பத் திரும்ப ஓடும் வேகமான சுற்று, 50 மைக்ரோசெக்கன், ஒரு சுற்றுக்கு ஒரு துடிப்பு என்று வைத்தால் செக்கனுக்கு 20,000 துடிப்பு, அதாவது 62.5 மில்லிமீட்டர் வேகம். அந்த ஓட்டத்தில் ஒரேயொரு துடிப்பு 300 மைக்ரோசெக்கன் பிந்தினால் மோட்டார் ஒரு கணம் நின்று மறுபடி பாயவேண்டி வருகிறது. பாய முடியாவிட்டால் அந்த 'டக்'. பத்து லட்சம் தடவை சரியாக வந்து ஒரு தடவை பிந்தினாலும் பலகை போனது போனதுதான்.

இன்னொன்று, அந்தப் பிழைச்செய்தி லினக்ஸ்சிஎன்சியைத் திறந்ததிலிருந்து மூடும்வரை ஒரு தடவைதான் காட்டும். 'இன்றைக்கு ஒருக்காத்தானே வந்தது' என்று ஆறுதல் அடைய இடமில்லை. பின்னால் நூறு தடவை நடந்திருக்கலாம்.

சரி, அளப்பது எப்படி? லினக்ஸ்சிஎன்சியோடு கூடவே வரும் லேட்டன்சி ஹிஸ்டோகிராமை (எவ்வளவு தாமதம் எத்தனை தடவை வந்தது என்று காட்டும் வரைபடம்) திறந்துவிட்டு கம்பியூட்டரைப் படாதபாடு படுத்துங்கள். வீடியோ ஓடட்டும், பெரிய கோப்பு ஒன்று பென்டிரைவுக்குப் போகட்டும், கிளக்ஸ்கியர்ஸ் என்ற பல்சக்கரப் படம் சுற்றட்டும், திரையில் ஜன்னல்களை இழுத்து இழுத்துத் திறந்து மூடுங்கள். சும்மா நிற்கும் கம்பியூட்டரில் ஐந்து நிமிடம் அளந்த எண்ணுக்கு மதிப்பில்லை. குறைந்தது ஒரு மணித்தியாலம், முடிந்தால் இரவு முழுவதும் விடுங்கள். பிறகு அதிகபட்ச எண்ணை மட்டும் பாருங்கள். 20 மைக்ரோசெக்கனுக்குள் என்றால் பேரலல் போர்ட்டுக்கு அருமையான கம்பியூட்டர். 30 முதல் 50 வரை என்றால் வேலை செய்யும், ஆனால் வேகத்தைக் குறைக்கவேண்டி வரும். 100-ஐத் தாண்டினால் பேரலல் போர்ட்டை மறந்துவிடுங்கள். ஒரு மில்லிசெக்கனையே தாண்டினால் அந்தக் கம்பியூட்டர் எந்த வகையிலும் இந்த வேலைக்கு ஆகாது.

எண் கூடுதலாக இருந்தால் முதலில் பயோஸுக்குள் (கம்பியூட்டர் தொடங்கும்போதே ஓடும் மதர்போர்டின் சொந்த மென்பொருள்) போங்கள். ஹைப்பர்த்ரெடிங்கை நிறுத்துங்கள், புரொசசரின் ஒரே கோரை இரண்டு வேலைகள் பங்குபோடும்போது ஒன்றுக்காக மற்றது காத்திருக்கும். சி-ஸ்டேட், ஸ்பீட்ஸ்டெப் என்று மின்சாரம் மிச்சம்பிடிக்கும் எல்லாவற்றையும் நிறுத்துங்கள். ஆழ்ந்து தூங்கும் கோர் எழும்ப எடுக்கும் நேரமே உங்கள் பேஸ் த்ரெட்டை விழுங்கிவிடும். பிறகு கர்னல் தொடக்க வரியில் ஐசோல்சிபியூஸ் (isolcpus) போட்டு ஒரு கோரை ரியல்டைமுக்கென்றே ஒதுக்குங்கள். நாலு கோர் இருந்தால் கடைசியை ஒதுக்கலாம். கிராபிக்ஸ் கார்டுக்கு அதன் கம்பனி தரும் மூடிய டிரைவரைப் போட்டிருந்தால் கழற்றிவிட்டு, லினக்ஸின் திறந்த டிரைவரில் ஒருமுறை அளந்து பாருங்கள். ஒவ்வொன்றாக மாற்றுங்கள், ஒவ்வொரு தடவையும் அளந்து எழுதிவையுங்கள். ஐந்தையும் சேர்த்து மாற்றினால் எது வேலை செய்தது என்று பிறகு தெரியாது.

இவ்வளவும் செய்தபிறகும் என் கம்பியூட்டரில் பிழை போகவில்லை. பம்பலப்பிட்டியில் செகன்ட்ஹேண்டாக வாங்கிய ஓர் அலுவலக மெஷின் அது. ஹிஸ்டோகிராம் பெரும்பாலும் 12-ல் நிற்கும், திடீரென்று தூரத்தில் 300-ல் ஒரு தனிக் கோடு முளைக்கும். ஒரு கிழமை கர்னலை மாற்றி மாற்றிப் பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை. ஒரு மத்தியானம் சோற்றுப் பார்சலைப் பிரித்துவைத்துக்கொண்டு திரையையே பார்த்திருந்தபோதுதான், அந்தக் கோட்டின் எண்ணிக்கை ஒரு தாளத்தோடு கூடுவது போல் இருந்தது. போனில் ஸ்டாப்வாட்ச் பிடித்தேன். 64 செக்கன். அடுத்ததும் 64. அதற்கடுத்ததும் 64.

லினக்ஸில் ஓடும் எதற்கும் அப்படி ஒரு கணக்கு இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. ஆனால் இன்டெல் சிப்செட்டில் 8, 16, 32, 64 செக்கனுக்கு ஒருமுறை எஸ்எம்ஐ அடிக்கும் டைமர் உண்டு. எஸ்எம்ஐ என்றால், பயோஸ் தன் சொந்த வேலைக்காக, வெப்பம் பார்ப்பது, ஃபேனைக் கூட்டுவது போன்றவற்றுக்காக, புரொசசரை லினக்ஸின் கையிலிருந்து பிடுங்கி எடுப்பது. அந்த நேரத்தில் ரியல்டைம் கர்னலும் உறைந்து நிற்கும். திரும்பி வந்து கடிகாரத்தைப் பார்த்தால்தான் இடையில் நேரம் போனதே தெரியும். அதனால் எத்தனை கர்னல் மாற்றினாலும் இது தீராது. நீங்களும் இதைப் பரிசோதிக்கலாம்: ஹெச்டபிள்யூலாட்-டிடெக்ட் (hwlatdetect) என்ற சிறு மென்பொருள் இந்த இடைவெளிகளைத்தான் தேடிப் பிடிக்கிறது. புரொசசரின் நிலையைக் காட்டும் டர்போஸ்டாட் (turbostat) மென்பொருளில் எஸ்எம்ஐ என்ற பத்தியில் எண்ணிக்கை கூடுகிறதா என்றும் பார்க்கலாம்.

என் மெஷினில் பயோஸில் ஃபேனை எப்போதும் முழு வேகத்தில் ஓடும்படி வைத்ததும் அந்தக் கோடு மறைந்தது. சத்தம் கொஞ்சம் கூடுதல், பரவாயில்லை. சில மெஷின்களில் பழைய யுஎஸ்பி கீபோர்டுக்கான லெகசி வசதியை நிறுத்தினால் சரியாகும். எஸ்எம்ஐயை ஒட்டுமொத்தமாக அணைக்கும் வழிகளையும் நீங்கள் காண்பீர்கள். தயவுசெய்து கண்ணை மூடிக்கொண்டு செய்யாதீர்கள். சில போர்டுகளில் வெப்பப் பாதுகாப்பே அதற்குள்தான் இருக்கிறது, நம் கொழும்பு வெக்கையில், மரத்தூள் அடைத்த ஃபேனோடு, அது விளையாட்டில்லை. பயோஸில் வழியில்லை என்றால் வேறு கம்பியூட்டர் தேடுவதுதான் சுருக்கமான வழி. வாங்குமுன் லினக்ஸ்சிஎன்சி லைவ் பென்டிரைவைக் கடைக்கே கொண்டுபோய் அரை மணித்தியாலம் ஓட்டிப் பார்க்கக் கேளுங்கள். நான் இப்போது அப்படித்தான் வாங்குகிறேன், மறுத்த கடைக்காரர் குறைவு.

யுஎஸ்பியிலிருந்து பேரலலுக்கு மாற்றும் கேபிள் வாங்கிவிடாதீர்கள். அது பிரின்டருக்கானது, ஸ்டெப் துடிப்புக்கு ஆகாது. லேப்டாப்பும் வேண்டாம்.

கொஞ்சம் செலவழிக்க முடியுமென்றால் மெசா போன்ற கார்டு ஒன்று போடுங்கள். துடிப்பு எண்ணும் வேலையைக் கார்டில் உள்ள எஃப்பிஜிஏ என்ற சிப் எடுத்துக்கொள்ளும். கம்பியூட்டர் ஒரு மில்லிசெக்கனுக்கு ஒருமுறை 'இந்த வேகத்தில் போ' என்று சொன்னால் போதும். 100 மைக்ரோசெக்கன் ஆடினாலும் எழுத்து கோணாது. ஈதர்நெட் கார்டு என்றால் நெட்வொர்க் பக்கமும் தாமதம் வரும். அந்தக் கேபிளை இன்டர்நெட் ரவுட்டர், சுவிட்ச் எதற்குள்ளும் விடாமல் நேராகக் கம்பியூட்டரில் குத்துங்கள், இன்டரப்ட் கோலெசிங்கை (வரும் தகவல்களைச் சேர்த்துவைத்துப் பிந்திச் சொல்லும் வசதி) ஈத்டூல் (ethtool) கட்டளையால் பூஜ்ஜியமாக்குங்கள்.

அப்புறம் ஒரு சந்தேகம். உங்களுக்கு இடம் மாறுவது எப்போதும் ஒரே அச்சில்தானா? அப்படியென்றால் கப்ளிங் திருகு இளகியிருக்கிறதா, அந்த அச்சின் ஆக்சிலரேஷன் கூடுதலா, கடற்காற்றில் கனெக்டர் பச்சை பிடித்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். லேட்டன்சி ஓர் அச்சை மட்டும் தேடிப் பிடிப்பதில்லை.

ஹிஸ்டோகிராமை இரவு ஓடவிட்டு அதிகபட்ச எண்ணையும், மதர்போர்டு மாடலையும், தாவல் சீரான இடைவெளியில் வருகிறதா என்பதையும் கீழே எழுதுங்கள். பயோஸில் எதைத் தொடுவது என்று சேர்ந்து பார்ப்போம்.