சொந்தக் கட்டடத்துக்கே வாடகை கட்டும் கவுன்ட்டி

கேள்வி: அமெரிக்காவில் கவுன்ட்டி (நம்மூர் மாவட்டம் மாதிரி) அரசுகள் ஆஸ்பத்திரி, சிறை, நூலகமெல்லாம் கட்டப் பணத்துக்கு எங்கே போகின்றன? வேலையை யாருக்குக் கொடுப்பது என்று எப்படி முடிவாகிறது?

சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். நான் கலிஃபோர்னியாவில் ஒரு சின்னக் கட்டுமான நிறுவனத்தில் எஸ்டிமேட் போடுகிறவன், அதனால் இங்கே நடப்பதை மட்டும் சொல்கிறேன்.

நேர்வழி, மக்களிடம் கேட்டுக் கடன் பத்திரம் வெளியிடுவது. அதை அடைக்க வீட்டு வரியோடு கூடுதலாக ஒரு வரி ஏறும், ஆகவே தேர்தலில் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும். சாண்டா கிளாரா கவுன்ட்டி தன் பொது மருத்துவமனையை நிலநடுக்கம் தாங்கும்படி கட்ட 2008இல் 84 கோடி டாலர் கேட்டது, தாராளமாகவே தேறியது. 2016இல் ஏழை எளியவர்களுக்கான வீடுகளுக்கு 95 கோடி கேட்டபோது கிடைத்தது கிட்டத்தட்ட 68 சதவீதம், நூலிழையில் தப்பியது.

சரி, ஆஸ்பத்திரிக்கு வாக்குப் போடுவார்கள். சிறைக்கு யார் போடுவார்கள்? இங்கேதான் எனக்கு முதலில் தலை சுற்றியது. கவுன்ட்டி ஒரு தனி அமைப்பை உருவாக்கும், பெரும்பாலும் கவுன்ட்டியை ஆளும் அதே மேற்பார்வையாளர்கள்தான் அதன் குழுவிலும் உட்கார்ந்திருப்பார்கள். அந்த அமைப்புக்கு இடத்தைக் குத்தகைக்கு விட்டு, அதே இடத்தை அதனிடமிருந்து திரும்பக் குத்தகைக்கு எடுத்து வருடா வருடம் வாடகை கட்டுவார்கள், அந்த வாடகையைக் காட்டி அந்த அமைப்பு கடன் பத்திரம் விற்கும். அந்தந்த வருடம் அனுபவிப்பதற்கு அந்தந்த வருடம் கொடுப்பது வாடகை, அது கடன் ஆகாது என்று நீதிமன்றங்களே ஒப்புக்கொண்டுவிட்டதால் மக்கள் வாக்கு தேவையில்லை. ஒரு சிக்கல் மட்டும் உண்டு: கட்டடம் புழக்கத்தில் இல்லாவிட்டால் வாடகை கொடுக்க வேண்டியதில்லை, அதனால் பாதி கட்டிய கட்டடத்தை நம்பி யாரும் பணம் போட யோசிப்பார்கள். அதற்கும் வழி வைத்திருக்கிறார்கள், ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் பழைய அலுவலகக் கட்டடத்தைக் குத்தகையில் வைத்துவிட்டு வந்த பணத்தில் புதியதைக் கட்டுவது! மக்கள் ஒப்புக்கொண்ட கடனைவிட இதற்கு வட்டி கொஞ்சம் கூட, ஆனால் தேர்தலில் தோற்கிற பயம் இல்லை.

அப்புறம் டெண்டர். வழக்கமான முறையில் மூடிய உறையில் விலை வரும், தகுதியுள்ளவர்களில் குறைந்த விலைக்கு வேலை. நம்மூரில் டெண்டர் போடும்போது ஈ.எம்.டி. என்று முன்வைப்புத் தொகை கட்டுவதுபோல இங்கே விலையில் 10 சதவீதத்துக்குப் பிணை வைக்க வேண்டும், வேலை கிடைத்துவிட்டால் ஒப்பந்தத் தொகை முழுவதற்கும் இரண்டு உத்தரவாதப் பத்திரங்கள், ஒன்று வேலையை முடிப்பேன் என்று, இன்னொன்று கூலிக்காரர்களுக்கும் பொருள் கொடுத்தவர்களுக்கும் பணம் தருவேன் என்று. தனியார் வீடு என்றால் பணம் வராதவர் அந்தச் சொத்தின் மேலேயே உரிமை கோரலாம், அரசுக் கட்டடத்தில் அது நடக்காது, அதற்குத்தான் இந்த இரண்டாவது பத்திரம்.

எங்களுக்கு வயிற்றைக் கலக்குவது வேறொன்று. மொத்த விலையில் அரை சதவீதத்துக்கு மேல் வேலை செய்யப்போகும் ஒவ்வொரு துணை ஒப்பந்ததாரர் பெயரையும், அவர் செய்யும் வேலை எது என்பதையும் டெண்டரிலேயே எழுதிக் கொடுக்க வேண்டும். வேலையை வாங்கிய பிறகு அவர்களிடம் பேரம் பேசி நசுக்கக் கூடாது என்பதற்கான ஏற்பாடு, நல்ல ஏற்பாடுதான். ஆனால் அவர்களின் கடைசி விலைகள் டெண்டர் மூடுவதற்கு அரை மணி நேரம் இருக்கும்போதுதான் ஃபோனில் வந்து விழும், ஒருவர் கூட்ட ஒருவர் எழுத என்று அலுவலகமே கல்யாண வீடு மாதிரி இருக்கும். அந்த அவசரத்தில் ஒரு நூலக வேலைக்கு உட்பூச்சுக்காரர் பெயரை விட்டுவிட்டேன். பெயர் இல்லையென்றால் அந்த வேலையை நாங்களே செய்வதாக அர்த்தம். வேலையும் எங்களுக்கே கிடைத்துத் தொலைத்தது, பூச்சுக் கரண்டி பிடிக்கத் தெரிந்த ஆட்களை அதன் பிறகுதான் சம்பளத்துக்குத் தேடினோம்.