குரங்கின் துணிச்சல் தாய்வழி மரபணுவா, தாயிடம் கற்றதா?

கேள்வி: டர்பனில் உயிரியல் ஆனர்ஸ் படிக்கிறேன். சாட்ஸ்வொர்த்தில் எங்கள் கூரைக்கு வரும் வெர்வெட் குரங்குகளில் சில ஆளைக் கண்டாலும் அசைவதில்லை, சில தூரத்திலேயே ஓடிவிடுகின்றன. இதற்கு, தாயிடமிருந்து மட்டுமே இறங்கும் மைட்டோகாண்ட்ரியா (செல்லின் ஆற்றல் உறுப்பு) மரபணு காரணமா என்று மல மாதிரிகளை வைத்துச் சொல்ல முடியுமா? முதல் மாதிரிகளில் மைட்டோகாண்ட்ரியாவின் சைட்டோகுரோம் பி மரபணுவை வாசித்தபோது பல இடங்களில் இரண்டு டி.என்.ஏ. எழுத்துகள் ஒன்றின்மேல் ஒன்றாக வருகின்றன. ஏன்?

பதில்: இரட்டை எழுத்துக்கு முதலில் சந்தேகிக்க வேண்டியது போலி நகலை. மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ.வின் துண்டுகள் பரிணாமப் போக்கில் உட்கருவின் குரோமோசோம்களுக்குள் புகுந்து தங்கியிருக்கின்றன. வீட்டுப் பூனையில் ஏறக்குறைய 7,900 எழுத்து நீளமுள்ள துண்டு அப்படிப் புகுந்திருப்பது 1994இல் வெளியானது. குரங்கினங்களிலும் இவை ஏராளம். உங்கள் பிரைமர் (பெருக்க வேண்டிய பகுதியைப் பிடிக்கும் சிறு டி.என்.ஏ. துண்டு) அசலையும் நகலையும் சேர்த்துப் பிடித்திருக்கலாம். அடுத்த சந்தேகம் கலப்படம்: உங்கள் கன்னத் திசுவின் வரிசையையும் வாசித்து ஒப்பிடுங்கள்.

வரிசையைப் புரதமாக மொழிபெயர்த்துப் பாருங்கள். முதுகெலும்பிகளின் மைட்டோகாண்ட்ரியா குறியீட்டுப் பட்டியலைத்தான் பயன்படுத்த வேண்டும். அதில் டி‑ஜி‑ஏ என்ற மூன்றெழுத்து, புரதத்தை அங்கேயே முடிக்கும் நிறுத்தக் குறி அல்ல, ட்ரிப்டோபான் என்ற அமினோ அமிலம். ஏ‑ஜி‑ஏ, ஏ‑ஜி‑ஜி இரண்டும் நிறுத்தக் குறிகள். பொதுப் பட்டியலை வைத்தால் நல்ல வரிசையும் கெட்டதாகத் தெரியும். சரியான பட்டியலிலும் நடுவில் நிறுத்தக் குறி வந்தாலோ, ஓரெழுத்து கூடிக் குறைந்தாலோ அது போலி நகல். அண்மையில் புகுந்த நகலில் இந்தத் தடயங்கள் இருக்காது. அதனால் சாலையில் அடிபட்டு இறந்த குரங்கின் தசை கிடைத்தால், சுமார் 16,500 எழுத்துள்ள முழு வளையத்தையும் இரண்டு மூன்று நீளத் துண்டுகளாக, ஓரங்கள் ஒன்றன்மேல் ஒன்று படியும்படி, பிசிஆர் (டி.என்.ஏ.வை நகலெடுத்துப் பெருக்கும் முறை) மூலம் பெருக்குங்கள். அவ்வளவு நீளமான போலி நகல் அரிது. அந்த வரிசையைக் கொண்டு 300‑400 எழுத்துக்கான புதுப் பிரைமர் வடிவமையுங்கள், மலத்தில் டி.என்.ஏ. உடைந்து கிடப்பதால் அதற்கு மேல் பேராசை வேண்டாம்.

எந்தக் குரங்கு போட்டது என்று கண்ணால் பார்த்த மலத்தை மட்டுமே, வெயில் படுமுன் எடுங்கள். குடல் செல்கள் ஒட்டியிருப்பது மேற்பரப்பில்தான். ஐந்து கிராம் அளவை 30 மில்லி அடர் எத்தனாலில் ஒரு நாள் ஊறவைத்து, பிறகு ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா மணிகளுள்ள குழாய்க்கு மாற்றுங்கள். பிசிஆர் வேலை செய்யவே இல்லையென்றால் பெரும்பாலும் இலை, பழங்களின் டானினும் பித்த உப்பும் தடுக்கின்றன: கரைசலைப் பத்து மடங்கு நீர்த்து, பி.எஸ்.ஏ. புரதம் சேர்த்து மறுபடி ஓட்டுங்கள். ஒவ்வொரு தொகுதியிலும் மாதிரியே இல்லாத வெற்றுக் குழாய் ஒன்று கட்டாயம். மாகாண வனவிலங்குப் பாதுகாப்பு அமைப்பான எஸெம்வெலோவின் அனுமதிக்கும், பல்கலைக்கழக விலங்கு நெறிமுறைக் குழுவின் ஒப்புதலுக்கும் ஆண்டின் தொடக்கத்திலேயே விண்ணப்பித்துவிடுங்கள்.

இனி உங்கள் உண்மையான கேள்விக்கு வருவோம். மல மாதிரியால் மட்டும் அதற்கு விடை கிடைக்காது. வெர்வெட் பெண்கள் பிறந்த கூட்டத்திலேயே தங்குகின்றன, ஆண்கள் வளர்ந்ததும் வெளியேறுகின்றன. ஆகவே ஒரு கூட்டத்துப் பெண்களிடம் பெரும்பாலும் ஒன்றிரண்டு ஹாப்ளோடைப்புகளே (தாய்வழி மைட்டோகாண்ட்ரியா வரிசையின் வகைகள்) இருக்கும். அதே தாய்வழியில் சமூக அந்தஸ்தும் இறங்குகிறது. மகளின் இடம் தாயைப் பொறுத்தது. பழக்கமும் அப்படியே. குவாசூலு‑நட்டாலில் உள்ள மவானா காப்பகத்தில் நடந்து 2013இல் வெளியான ஆய்வில், சாயம் ஏற்றிய சோளத்தில் தாய் தின்ற நிறத்தையே குட்டிகளும் தின்றன. புதிதாக வந்த ஆண்களில் பெரும்பாலானவை புதுக் கூட்டத்தின் நிறத்துக்கு மாறிக்கொண்டன. ஹாப்ளோடைப்பும் துணிச்சலும் பொருந்திவந்தால் அது மரபணுவா, அந்தஸ்தா, கற்றதா என்று பிரிக்க வழியில்லை.

எனவே கேள்வியைத் திருத்துங்கள்: சாட்ஸ்வொர்த், வெஸ்ட்வில் கூட்டங்களின் தாய்வழிகள் எவை, வந்துசேர்ந்த ஆண்கள் எந்தத் தாய்வழியைச் சேர்ந்தவை? ஓராண்டுக்கு இதுவே தாராளம். அந்த ஆண்கள்தான் உங்கள் பொக்கிஷம். வேறு ஹாப்ளோடைப்பைச் சுமந்து புதுக் கூட்டத்தில் வாழ்பவை அவை. துணிச்சலை, நீங்கள் நடந்து நெருங்கும்போது குரங்கு ஓடத் தொடங்கும் தூரத்தால் மீட்டரில் அளவிடுங்கள். ஒவ்வொன்றையும் குறைந்தது மூன்று முறை, ஒரே நிற உடையில், குப்பை எடுக்கும் நாளைத் தவிர்த்து. பழம் போடும் வீடுகளைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்; அங்கே எல்லாக் குரங்குமே துணிச்சல்தான்.

மரபணுதான் காரணமா என்பதே உங்கள் ஆர்வம் என்றால், பழ ஈக்கு மாறுங்கள். ஒரு வகைப் பெண் ஈயை வேறு வகை ஆணோடு சேர்த்து, பிறக்கும் மகள்களை மீண்டும் அந்த இரண்டாம் வகை ஆண்களோடு பத்து தலைமுறை சேர்த்தால், பழைய உட்கரு மரபணுவில் ஆயிரத்தில் ஒரு பங்கே மிஞ்சும். மைட்டோகாண்ட்ரியா அப்படியே இருக்கும். 25 டிகிரியில் இது நாலைந்து மாத வேலை. ஆண், பெண் முடிவுகளைத் தனித்தனியாகப் பாருங்கள்: மைட்டோகாண்ட்ரியா ஆண் வழியாகப் போவதில்லை என்பதால், ஆணை மட்டும் பாதிக்கும் பிழைகளை இயற்கைத் தேர்வு எளிதில் களைவதில்லை. இன்னொரு கண்ணி உல்பேக்கியா பாக்டீரியா. அதுவும் தாய்வழியே இறங்கும். டெட்ராசைக்ளின் கலந்த உணவால் நீக்கலாம். அந்த மருந்து மைட்டோகாண்ட்ரியாவையும் தாக்குவதால், பிறகு இரண்டு மூன்று தலைமுறை சாதாரண உணவில் வளர்த்துவிட்டே நடத்தையை அளவிடுங்கள்.