சுல்தான் அனுப்பிய சிங்கம்

கேள்வி: வெள்ளை மாளிகையில்கூட இஃப்தார் விருந்து நடக்கிறதாமே? நம்மூர் தலைவர்கள் குல்லா போட்டுக்கொண்டு கஞ்சி குடிப்பது மாதிரி அதுவும் ஓட்டுக்குத்தானா?
- கீழக்கரை வாசகர்

பதில்: ஓட்டுக் கணக்கு இல்லாமலா இருக்கும்! 2001-இல் புஷ் ஆரம்பித்தது, 2017-இல் டிரம்ப் நிறுத்தினார், அடுத்த வருடமே அவரே நடத்தினார். ஆனால் 1805 டிசம்பர் 9-ஆம் தேதி அன்றைய ஜனாதிபதி ஜெபர்சன் துனிசியத் தூதர் சுலைமான் மெல்லிமெல்லியைச் சாப்பிடக் கூப்பிட்டபோது அந்த நாட்டில் முஸ்லிம் ஓட்டு என்ற பேச்சே கிடையாது. அமெரிக்கக் கடற்படை பிடித்து வைத்திருந்த துனிசியக் கப்பல்களுக்காகப் பேரம் பேச வந்தவர் அவர். வழக்கமாகப் பிற்பகல் மூன்றரைக்கே பந்தி போட்டுவிடும் வீட்டில், தூதர் ரமலான் நோன்பில் இருக்கிறார் என்று அன்றைக்கு மட்டும் சூரியன் மறையும் நேரத்துக்குத் தள்ளி வைத்தார்கள். மனிதர் அதற்கும் அரை மணி நேரம் தாமதம்! வணக்கம் சொன்ன கையோடு, தனியாகப் போய்ப் புகைத்துவிட்டு வருகிறேன் என்றாராம் (நோன்பு வைக்கும் சிகரெட்காரர்களைக் கேளுங்கள், அந்த அவசரம் புரியும்). ஜெபர்சன், பரவாயில்லை, இங்கேயே பிடியுங்கள் என்றாராம். கூட இருந்த, பின்னாளில் ஜனாதிபதியான ஜான் குவின்சி ஆடம்ஸ் டைரியில் எழுதி வைத்த சங்கதி இது. இதை முதல் இஃப்தார் என்று கொண்டாடுவது கொஞ்சம் அதிகம்தான், சாப்பாட்டு நேரத்தை மாற்றினார்கள், அவ்வளவே. எனக்கென்னவோ இன்றைய ஃபோட்டோ விருந்துகளைவிட அதுதான் பிடித்திருக்கிறது.

கேள்வி: அமெரிக்காவைத் தனி நாடாக முதலில் ஏற்றுக்கொண்டது ஒரு முஸ்லிம் நாடு என்று வாட்ஸ்அப்பில் வந்ததே, நிஜமா?
- மேலப்பாளையம் வாசகர்

பதில்: பெரும்பாலும் நிஜம். மொராக்கோ சுல்தான் மூன்றாம் முகமது 1777-லேயே அமெரிக்கக் கப்பல்களுக்குத் துறைமுகங்களைத் திறந்துவிட்டார். வெறும் பாசமில்லை, அவருக்கு வியாபாரம் வேண்டும். பதில் வரும் வரும் என்று பார்த்தார், வரவில்லை. 1784-இல் ‘பெட்சி’ என்ற அமெரிக்கக் கப்பலைப் பிடித்து வைத்தார், யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லாமல் பிறகு விட்டுவிட்டார். அதன் பிறகுதான் அமெரிக்கர்களுக்குச் சுறுசுறுப்பு வந்தது. 1786-இல் நட்பு ஒப்பந்தம், இன்றுவரை அறுபடாமல் இருக்கிறது. 1821-இல் அடுத்து வந்த சுல்தான் ஒருவர் மொராக்கோவின் தாஞ்சியர் நகரில் ஒரு கட்டடத்தையே அமெரிக்கர்களுக்குக் கொடுத்தார். வாங்கிக்கொண்டார்கள்.

1839-இல் மொராக்கோ சுல்தானிடமிருந்து வந்த பரிசுதான் வம்பாகிவிட்டது. ஒரு சிங்கமும் ஒரு பெண் சிங்கமும்! வெளிநாட்டு மன்னரிடம் பரிசு வாங்க எங்கள் சட்டம் விடாது என்று தாஞ்சியரில் இருந்த அமெரிக்கத் தூதர் கையைப் பிசைந்தார். கொண்டுவந்த அதிகாரியோ, திருப்பிக் கொண்டுபோனால் என் தலை போய்விடும், வேண்டாமென்றால் தெருவில் அவிழ்த்துவிட்டுப் போகிறேன் என்றார். வேறு வழி? தூதர் தன் இடத்தில் ஒரு அறையை ஒழித்து ஜோடியைக் குடிவைத்தார். அப்புறம் கப்பலேற்றி ஃபிலடெல்ஃபியாவுக்கு அனுப்பி ஏலம் விட்டார்கள். போன விலை 375 டாலர்.